தன்வலி அறிதல்

நுழையும்முன்

ஒரு குழந்தை தன்னிடம் உள்ள திறனைத் தான் அறிவதும், அதனைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்து பயன்படுத்துவதும் தன்னம்பிக்கைக்கு அடிப்படையாகும். புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குழந்தைகளின் திறன்கள் எங்கெங்கு மறைந்து கிடக்கின்றன என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய வாத்துருத்தியிலும், தொழிற்சாலைகள் சூழ்ந்த களமசேரியிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பேருந்தின் பெயர்ப்பலகையை மலையாளத்தில் படித்துத் தாய்க்குச் சொல்கின்றனர். மருத்துவமனையில் பெற்றோர் தமிழில் கூறும் நோய்க்குறியை மருத்துவருக்கு மலையாளத்தில் விளக்குகின்றனர். மருத்துவர் கூறும் விடையை மீண்டும் தமிழாக்குகின்றனர். இப்பணிக்கு மொழிபெயர்ப்பு என்று பெயர். பெரியவர்கள் செய்தால் அதற்கு ஊதியம் உண்டு. பத்து வயதுக் குழந்தை செய்யும்போது இல்லத்தார் அதனைக் கூடமாட ஒத்தாசை என்கின்றனர். பள்ளியோ அதனை அறிவதே இல்லை.

பள்ளியில் சில வேளைகளில் இரு மொழி அறிவே நகைப்புக்கு இடமாகிவிடுகிறது. ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி எனத் தன் ஊர்ப்பெயரைச் சொல்லும் குழந்தையைக் கண்டு வகுப்பில் சிரிப்பு எழுவதுண்டு. தமிழில் பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடத்தையும் சிற்றூரையும் குறிக்கும். மலையாளத்தில் அச்சொல் நாயைக் குறிக்கும். சிரிப்புக்கு அஞ்சிய குழந்தை மறுமுறை ஊர்ப்பெயரைச் சொல்லாது. நாளடைவில் பள்ளி வாயிலில் நின்று தாய் தமிழில் அழைத்தாலும் கேளாததுபோல் நடக்கும். ஒரு சொல்லால் நேரும் இழப்பு அவ்வளவு பெரிது. அதே சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, இரு பொருளையும் விளக்குமாறு அக்குழந்தையையே அழைக்கலாம். அடுத்து, ‘வெள்ளம்’ தமிழில் பெருக்கையும் மலையாளத்தில் நீரையும் குறிப்பதை அக்குழந்தையே எடுத்துக்காட்டும். வகுப்பில் பிறர் அறியாத ஒன்றைத் தான் அறிந்திருப்பதை அன்று அது உணரும்.

மொழியில் மட்டுமன்றிக் கணக்கிலும் இந்நிலை உண்டு. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர் ஐவரை ஆய்வாளர்கள் சோதித்தனர். அவ்வாய்வு 1985-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பன்னிரண்டு வயதினர் ஒருவரிடம் 35 குருசேரோ விலையுள்ள தேங்காய் நான்கு வேண்டும் எனக் கேட்டனர். மூன்று காய்க்கு 105. அதனோடு இன்னொரு காயின் விலையைக் கூட்ட 140 என மனத்திலேயே கணக்கிட்டு விடை கிடைத்தது. அதே பெருக்கலைத் தாளில் எழுதச் சொன்னபோது 200 என்று தவறாக விடை எழுதப்பட்டது. மொத்தத்தில் தெருவில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாயின. தாளில் எண்களாகத் தந்த கணக்குகளில் நூற்றுக்கு 37 மட்டுமே சரியாயின. கணக்கு அறிந்த ஒரு பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளை என்று தாள் காட்டியது.

இந்தியாவிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஆராய்ந்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டனர். சந்தைக் கணக்கில் தேர்ந்த சிறுவர்கள் பாடநூல் கணக்கில் தடுமாறினர். பாடநூல் கணக்கில் தேர்ந்த பள்ளி மாணவர்களோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரு சாராரிடமும் திறன் இருந்தது. இரண்டையும் இணைக்கும் பாலமே இல்லை. அப்பாலத்தைக் கட்டுவது பள்ளியின் கடமையாகும்.

கொச்சியிலேயே இதற்குச் சான்று காணலாம். மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் சலவைக்கூடம் ஒன்று உள்ளது. டச்சுக்காரர்கள் தம் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்குத் தொழில் செய்து வருகின்றனர் என்பர். இன்றைய கட்டடம் 1976-இல் எழுந்தது. பல வீடுகளின் துணிகளை ஒன்று மற்றொன்றோடு கலவாமல் பிரிப்பது வகைப்படுத்தும் அறிவு. எத்துணிக்கு எவ்வளவு கஞ்சி வேண்டும் என்பது அளவை அறிவு. மழைக்காலத்தில் வானம் பார்த்துத் துணி உலர்த்துவது வானிலை அறிவு. இத்தகைய வீட்டிலிருந்து வரும் குழந்தை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். பெற்றோரின் தொழிலைப் போற்றினால் பிள்ளையும் அத்தொழிலிலேயே தங்கிவிடாதா என்பது அம்மறுப்பு. அது பொருளற்ற அச்சமன்று. பிறப்பை வைத்துத் தொழிலை விதித்த கொடுமையை நம் நாடு நன்கறியும். ஆகவே, தொழிலில் உள்ள அறிவைப் பள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தொழிலுக்குத் திருப்பி அனுப்புதல் கூடாது. மனக்கணக்கு வல்ல குழந்தைக்கு இயற்கணிதத்தின் கதவைத் திறப்பதே அதன் திறனுக்குச் செய்யும் மரியாதை.

இவ்வாறு செய்ய இயலும் என்பதற்கு எர்ணாகுளம் மாவட்டமே எடுத்துக்காட்டு. புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 2017-ஆம் ஆண்டு மாவட்ட நிர்வாகம் ‘ரோஷ்ணி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி தொடங்கும் முன் தனி வகுப்பும் காலை உணவும் அளிக்கப்பட்டன. குழந்தையின் தாய்மொழியில் தொடங்கி மலையாளத்துக்கு அழைத்துச் செல்லும் முறை பின்பற்றப்பட்டது. தாய்மொழியைத் தடையாகக் கருதாமல் படிக்கட்டாகக் கொண்டதே அத்திட்டத்தின் சிறப்பு.

இல்லத்திற்கும் இதில் பங்குண்டு. ‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்னும் பொதுப் புகழ்ச்சி நெடுநேரம் நிலைப்பதில்லை. முதல் தோல்வியிலேயே பிள்ளை அதனை ஐயுறும். ‘மருந்துச் சீட்டில் இருந்ததைப் பாட்டிக்குப் புரியும்படி சொன்னாயே’ என்னும் பாராட்டு அவ்வாறன்று. அது நடந்த செயலைச் சுட்டுகிறது; தோல்வி வந்தாலும் அச்செயல் பொய்யாகாது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடும் வழக்கத்தை விட்டு, தன் பிள்ளை சென்ற மாதம் செய்ய இயலாத எதனை இம்மாதம் செய்கிறது என்று பெற்றோர் நோக்க வேண்டும். அவ்வாறு கண்டதை ஆசிரியரிடமும் சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் குழந்தையின் குறைகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ‘இப்பிள்ளை வீட்டில் எதனைத் தானே செய்கிறது?’ என்னும் ஒரு வினாவை ஆசிரியர் முதலில் கேட்டால் அக்கூட்டத்தின் போக்கே மாறும்.

திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அது பொருட்பாலில், ஆள்வோருக்கு உரைக்கும் பகுதியில் உள்ளது. நாடாள்வோருக்கு வேண்டிய அவ்வறிவு, வேற்று மொழி வழங்கும் வகுப்பறைக்குள் முதன்முதலாக நுழையும் ஆறு வயதுக் குழந்தைக்கும் வேண்டும். அதனைத் தனியே தேடிப் பெற அக்குழந்தையால் இயலாது. இல்லமும் பள்ளியும் சேர்ந்தே அதனை அளித்தல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. தேங்காய்க் கணக்கில் 140, 200 என இரு வேறு விடைகள் வந்தமைக்குக் காரணம் யாது?
2. தமிழிலும் மலையாளத்திலும் வெவ்வேறு பொருள் தரும் சொற்கள் மூன்றினைத் தொகுத்து, இரு பொருளையும் எழுதுக.
3. இல்லத்தில் நீவிர் பிறர் உதவியின்றிச் செய்யும் செயல் ஒன்றினைக் குறிப்பிட்டு, அதில் அடங்கியுள்ள அறிவு எப்பாடத்தோடு தொடர்புடையது என விளக்குக.