காசு குடுத்தால் ஆறு எங்கடையா?

கம்பஸில் கித்துல்கலவுக்கு ட்ரிப் போகாத பட்ச் குறைவு. களனி ஆற்றில் ராஃப்டிங், பிறகு கரையில் சோத்துப் பார்சல். நாங்களும் போனோம். லைஃப் ஜாக்கெட் போடவும் துடுப்புப் பிடிக்கவும் கைட் சொல்லித்தந்தார். கரையில் விட்டுவந்த லஞ்ச் சீற்றுகளைப் பற்றி அவரும் சொல்லேல்லை, நாங்களும் யோசிக்கேல்லை.

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி. மலையகச் சனம் கொழுந்து பறிக்கிற மலைகளில் இருந்து வருகிற தண்ணி அது. கீழே அம்பத்தலையில் சுத்திகரித்துத்தான் கொழும்பு குடிக்கிறது. நடுவில், கித்துல்கல சனம் குளிக்கிற துறைகள். நாங்கள் கத்திக்கொண்டு அவற்றைக் கடக்கிறோம். குளிக்கிறவர்களையும் சேர்த்துக் கமராவில் எடுக்கிறோம். இதுக்குப் பெயர் சாகசமாம்!

“சுற்றுலாவால் ஊருக்கு வருமானம்” என்பார்கள். சரி. அப்ப, எங்களைக் கரைசேர்க்கிற ஊர்ப் பொடியனுக்கு அதில் எவ்வளவு? எங்கட குப்பையை ஆர் அள்ளுறது? புக் பண்ண முதல் இந்த இரண்டையும் கேட்போம். மழுப்புகிறவர்களிடம் போகவேண்டாம். துறையில் ஆக்கள் நின்றால் கமராவை மூடுவோம். கொண்டுபோன போத்தலையும் சீற்றையும் பஸ்ஸிலேயே திரும்பக் கொண்டுவருவோம். ரிக்கெற் காசு படகுக்கு மட்டும்தான்.