குளிரா குற்றவாளி?
கடுங்குளிரில் நெடும் பிரயாணத்துக்கு மின்சாரக் கார் உதவாதென்று சிலர் தீர்ப்புக் கூறுகின்றனர். 2024 ஜனவரியில் சிகாகோவில் மின்னேற்றும் நிலையங்களருகே கார்கள் அசைவற்றுக் கிடந்ததைச் சாட்சியாகக் காட்டுகின்றனர். குளிரில் பாட்டரியின் சக்தி குன்றுவதும், காருக்குள் வெப்பமூட்ட அதில் ஒரு பங்கு செலவாவதும் வாஸ்தவமே. ஆயின், சிகாகோவுக்கும் வெகு வடக்கேயுள்ள நார்வேயில், அதே 2024-இல் விற்பனையான புதுக் கார்களில் 100-க்கு 88-க்கு மேல் மின்சாரக் கார்களே! அங்கு பிரதான சாலைகளில் 50 கிலோமீட்டருக்கொரு விரைவு மின்னேற்று நிலையம் அமைய வேண்டுமென்று 2015 முதல் ராஜாங்கமே பொருளுதவி புரிந்தது. ஜனங்களும் புறப்படுமுன் பாட்டரியைச் சூடாக்கிக்கொள்ளப் பழகினர். எனவே குற்றம் குளிரினுடையதன்று. முன்னேற்பாடின்மையினுடையதே என்பது நமது திடமான அபிப்பிராயம். காரை வாங்கச் சொல்லிவிட்டு, வழியை மறக்கும் சர்க்கார்கள் இதை உணருமா?