ஊசி எத்தனை என்பதல்ல, எப்போது என்பதே கேள்வி



சிசேரியன் ஆன வீட்டுக்குப் போனால் நாம் வழக்கமாகக் கேட்பவை சில உண்டு. குழந்தை என்ன எடை? தையல் பிரிச்சாச்சா? எவ்வளவு செலவாச்சு? யாரும் கேட்காத ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கிருமி தொற்றாமல் இருக்க ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்களே, அதை எப்போது போட்டார்கள்? வயிற்றைத் திறப்பதற்கு முன்பா, குழந்தையை எடுத்த பிறகா?

யாருக்கோ நடப்பது என்று ஒதுக்க முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் 21.5 தான்.

முன்பெல்லாம் தொப்புள்கொடியைக் கட்டிய பிறகே இந்த ஊசியைப் போடுவார்கள். முன்னதாகப் போட்டால் மருந்து குழந்தைக்கும் போகும், குழந்தைக்கு ஏற்கெனவே தொற்று இருந்தால் பரிசோதனையில் தெரியாமல் மறைத்துவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் கத்தி பட்ட நிமிடமே கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மருந்து தாயின் ரத்தத்திலும் சதையிலும் இருந்தாக வேண்டும். பரீட்சை முடிந்த பிறகு பாடம் படித்து என்ன பயன்?

இதை ஆய்வு செய்தே பார்த்துவிட்டார்கள். 10 ஆய்வுகளில் பங்கேற்ற 5,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களின் விவரங்களை 2014-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. முன்கூட்டியே ஊசி போட்டவர்களுக்குத் தொற்று 40 சதவீதத்துக்கும் மேல் குறைவு. குழந்தைகளுக்குக் கெடுதல் எதுவும் தென்படவில்லை. 2015-இல் உலக சுகாதார நிறுவனமும் தோலைக் கீறும் முன்பே போடச் சொல்லிவிட்டது. கடைசி 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா என்பது அந்த நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலிலேயே உள்ள கேள்வி. தாய்க்கோ குழந்தைக்கோ உயிராபத்தான அவசரம் என்றால் ஊசிக்காகக் காத்திருக்க முடியாது. அப்போது எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டியதுதான். அது வேறு.

என் வருத்தம் இன்னொன்று. பல இடங்களில் தொற்றே இல்லாத தாய்க்கும் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்து நாள், ஏழு நாள் ஆன்டிபயாடிக் தொடர்கிறது. நாமும் அதைத்தான் நல்ல கவனிப்பு என்று நம்புகிறோம். தடுப்புக்காகத் தரும் மருந்தை ஆபரேஷனுக்குப் பிறகு நீட்டிக்க வேண்டாம் என்று 2016-இலேயே அதே நிறுவனம் சொல்லிவிட்டது. தேவையில்லாமல் கொடுத்துப் பழக்கினால், நிஜமாகவே நோய் வரும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது. இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதிய மாத்திரையை யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். எதற்காக என்று கேளுங்கள், போதும்.

என் கோரிக்கை சிறியது. ஊசி போட்ட நேரம், கத்தி வைத்த நேரம் இரண்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் இதற்குப் பத்துப் பைசா செலவில்லை. எழுத வேண்டும் என்றாலே நேரத்துக்குப் போடும் பழக்கம் வந்துவிடும்.

தையலில் சீழ் வைத்து, காய்ச்சலோடு பச்சை உடம்புக்காரி மறுபடி ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதும், தாய்ப்பாலுக்குக் குழந்தை அழுவதும் சின்ன விஷயமில்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஒருவேளை சிசேரியன் என்றால், ஊசி முன்னாடியே போட்டுவிடுவீங்கதானே?"