ரெண்டு தடவை போட்ட கவுன்

போன வருஷம் பாப்பாவோட முதல் பிறந்தநாளுக்கு மால்ல 2400 ரூபாய்க்கு பிராண்டட் கவுன் எடுத்தோம். ரெண்டே தடவைதான் போட்டா, மூணாவது தடவை தலையே நுழையல. 50 செ.மீ. பொறக்கற குழந்தை ஒரு வருஷத்துல 75 செ.மீ. ஆயிடுதுங்க, எந்த கவுன் தாங்கும்?

அப்புறம்தான் புத்தி வந்து திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனேன். ஏற்றுமதியில மிஞ்சினது, சின்னக் குறைக்காகக் கழிச்சது எல்லாம் அங்க வரும். சிலதுல லேபிளை வெட்டியிருப்பாங்க, துணி அதேதான். ஐரோப்பா சரக்குல 86, 92னு இருந்தா அது குழந்தையோட உயரம், செ.மீ.ல. ஒரு சைஸ் பெருசாவே எடுங்க. பட்டனை மட்டும் இழுத்துப் பாத்துடுங்க (கழண்டா நேரா வாய்க்குத்தான் போகும்).

தங்கமணிக்கு மனசு ஆறல. "லேபிள் வெட்டினதையா விசேஷத்துக்குப் போடறது?" அக்கா தன் பொண்ணோட பழைய பட்டுப்பாவாடையைத் தந்தப்பவும் இதே முகம்தான். எனக்கும் அந்த வீம்பு இருந்துச்சு, மறைப்பானேன். கவுன் வாங்கினது பாப்பாவுக்கு இல்ல, போட்டோ பாக்கப்போற சொந்தக்காரங்களுக்கு.

அந்தப் பாவாடையில மூணு டக் மடிச்சுத் தைச்சிருக்கு, வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம். நேத்து அதைக் கட்டிக்கிட்டு மண்டபம் பூரா ஓடினா. கவுன் அலமாரியில தொங்குது. ஒரு வயசுப் பாப்பா யார் வீட்டுலயாவது இருந்தா சொல்லுங்க, துவைச்சுத் தர்றேன் :)