மாதிரிச் சட்டையும் தையல் யந்திரமும்

போடிநாயக்கனூர் வாசிகளுக்கு மாதிரியின் மகிமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மலையில் விளைந்த ஏலம் ஏலத்துக்கு வரும்பொழுது (இவ்விரண்டும் தமிழில் ஒரே சொல்லாய் அமைந்தது போடிக்கென்றே ஏற்பட்ட பொருத்தம் போலும்!) மூட்டை ஒவ்வொன்றையும் அவிழ்த்துப் பார்த்து எவரும் விலை கேட்பதில்லை. வியாபாரியின் முன் இருப்பது சிறு மாதிரி ஒன்றே. நிறம் பச்சையா வெளிறியதா, காய் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்குமா, லிட்டர் எடை எவ்வளவு என்பவற்றை அந்த ஒரு பிடிக் காயைக் கொண்டே அவர் தீர்மானிக்கிறார். பிடிக் காய் சொன்ன விலையே மூட்டைகளின் விலை. அந்தப் பிடியில் சேரும் காயைத் தரம் பிரித்துத் தேர்ந்தெடுப்பவர்களோ போடிப் பண்டகசாலைகளில் உட்கார்ந்து உழைக்கும் நம் பெண்மக்கள்.

ஆடை வியாபாரமும் இவ்வாறே நடைபெறுகிறது என்பதைப் பலர் அறியார். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கடை வைத்திருப்பவர் பதினாயிரம் சட்டை வேண்டுமென்று எடுத்த எடுப்பில் எழுதுவதில்லை. முதலில் ஒரு சட்டை தைத்து அனுப்பும்படி கேட்கிறார். அது வடிவத்துக்காக. பிறகு அளவுக்காக ஒன்று. அதன்பின் சிறிதும் பெரிதுமான அளவுகளில் ஒரு வரிசை. கடைசியில், மொத்தமாகத் தைக்கப்போகும் அதே துணியிலும் அதே நூலிலும் ஒன்று. இதை அவர் ஒப்புக்கொண்டு முத்திரையிட்டால் இருதரப்பாருக்கும் அதுவே சாட்சி. 1970-களின் பிற்பகுதியில் வெளிநாட்டு ஏற்றுமதியில் இறங்கிய திருப்பூர், இன்று ஆண்டொன்றுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பின்னலாடையை அனுப்பும் நகரமாக வளர்ந்திருக்கிறதென்றால், அந்தச் சரக்கு ஒவ்வொன்றுக்கும் முன்னே ஒரு மாதிரிச் சட்டை கப்பலேறியோ விமானமேறியோ சென்றிருக்கிறது.

மாதிரி தைப்பவன் விலை பேசுகிறான். பிறன் மாதிரியைப் பார்த்துத் தைப்பவன் கூலி பேசுகிறான். இந்த வித்தியாசத்தை முன்னிட்டே நாம் இன்று போடியைப் பற்றி எழுதப் புகுந்தோம்.

விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறும் பெண்களை நமது நேயர்களில் பலர் கண்டிருப்பர். போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, எல்லை கடந்து, இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்து, பொழுது சாயத் திரும்புகிறார்கள். அந்தப் பிரயாணத்தின் அபாயமோ சொல்லத் தரமன்று. தோட்டமாவது நிலையானதா? 2019-இல் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிய ஏலக்காய், மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. 2024 கோடையில் வெயில் தாங்காமல் இடுக்கியின் ஏலச் செடிகள் பெருமளவில் கருகின. செடி கருகினால் முதலாளிக்கு நஷ்டம்; ஜீப்பில் செல்பவளுக்கு அடுப்பெரிவதில்லை.

ஆகவே ஊரிலேயே ஒரு தொழில் வேண்டும். தையல் போடிக்குப் புதிதன்று. இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்து விற்கும் ஊர் அது. வீட்டுக்கு வீடு ரவிக்கை தைப்பவர் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கும் ஏற்பாடு மாகாணமெங்கும் இருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் சர்க்கார் ஆதரவற்ற பெண்களுக்கு இலவசத் தையல் யந்திரமும் அளித்து வருகிறது. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஆயினும், ஒருத்திக்கு ஒரு யந்திரம் கொடுத்து வீட்டுக்கனுப்புவதால் அவளுக்கு ஒரு சம்பாத்தியம் கிட்டலாமேயன்றி ஊருக்கு ஒரு தொழில் பிறக்காது.  பத்துப் பெண்கள் கூடி, ஒரு கூடத்தில், மாதிரி தைப்பதற்கேற்ற நாலைந்து தொழிற்சாலை யந்திரங்களை வைப்பார்களாயின் விஷயம் வேறாகும்.

யந்திரம் என்றவுடன் முகம் சுளிக்கும் பழைய அன்பர்கள் சிலர் இன்னமும் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். 1924-இல் டில்லியில் சாந்திநிகேதனத்து மாணவர் ஒருவர் மகாத்மாவிடம், யந்திரங்கள் அனைத்தையும் தாங்கள் வெறுக்கிறீர்களா என்று கேட்டார். அதற்கு மகாத்மா விலக்காக எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் யந்திரத்தைத்தான். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்ட ஒருவனின் அன்பில் பிறந்த யந்திரம் அது என்பது அவர் கருத்து. (சிங்கருடைய இல்லற சரித்திரம் அக்கதைக்கு அவ்வளவாகச் சாட்சி சொல்லவில்லை, அது கிடக்கட்டும்.) அப்படியானால் தையல் யந்திரம் செய்யவும் பெரிய ஆலை வேண்டுமே என்று மாணவர் மடக்க, வேண்டுமென்றும், அத்தகைய ஆலை ராஜ்யத்துக்குரியதாக இருக்கவேண்டுமென்றும் மகாத்மா விடையளித்தார். அந்த சம்பாஷணை அவ்வாண்டு நவம்பர் மாத ‘யங் இந்தியா’வில் வெளியாயிற்று. கேள்வி கேட்டவர் ஜி. ராமச்சந்திரன். 1947-இல் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை ஸ்தாபித்தவர் அவரே. போடியிலிருந்து அது வெகுதூரமன்று.

இனி எந்த யந்திரம் என்பதற்கு வருவோம். இங்கேதான் பணம் பாழாகிறது.

விற்பவர் முதலில் சொல்வது வேகம். நிமிஷத்துக்கு 5,000 தையல் என்பார். ஒரே சட்டையின் ஒரே ஓரத்தை நாள் முழுதும் ஆயிரம் தடவை தைக்கும் ஆலைக்கு அது பொருந்தும். மாதிரி தைப்பவளுக்கு வேகத்தால் ஆவதென்ன? காலர் முனையில் ஊசியை நிறுத்தி, துணியைத் திருப்பி, ஒரு தையல் மட்டும் போட்டு, மறுபடி நிறுத்த வேண்டியவள் அவள். ஆதலால் எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேளாமல், எவ்வளவு மெதுவாக ஓடும் என்று கேட்கவேண்டும். பழைய கிளட்ச் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓயாது சுழன்று மின்சாரம் குடிக்கும், மிதித்தால் பாயும். இப்பொழுது வரும் சர்வோ மோட்டார் மிதிக்கும்பொழுது மட்டுமே ஓடுகிறது. வேகத்தைக் கட்டி நிறுத்தலாம். ஊசி துணிக்குள் இறங்கியே நிற்கும்படியும் அமைக்கலாம். சாதாரண வீட்டு மின்சார இணைப்பே அதற்குப் போதும். மாதிரிக் கூடத்துக்கு இதுவே ஏற்றது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

அப்படியானால் மெதுவாக ஓடும் வீட்டு யந்திரமே போதாதா என்று கேட்கக்கூடும். போதாது. ஒப்புக்கொள்ளப்பட்ட மாதிரியைப் போலவே மொத்தச் சரக்கும் இருத்தல் வேண்டும். சரக்கு தொழிற்சாலை யந்திரத்தில், உருண்டைக் காம்புள்ள ஊசியில், அதற்குரிய நூல் இழுவையில் தைக்கப்படும். மாதிரியை மட்டும் தட்டைக் காம்பு ஊசியுள்ள வீட்டு யந்திரத்தில் தைத்து, கைப்பாகத்தால் அழகு செய்து அனுப்பினால், மூட்டையின் மேலே நல்ல காயைப் பரப்பிக் கீழே சருகைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். முதல் தடவை ஏமாறுகிறவர் இரண்டாந்தடவை வரமாட்டார்.

ஆகவே முதலில் வாங்கத்தக்கது ஒற்றை ஊசி யந்திரம். திருப்பூரில் எந்தக் கம்பெனி செய்ததாயினும் அதைச் ‘சிங்கர்’ என்றே அழைக்கின்றனர். எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கர் 1846-இல் பதிவு செய்த தத்துவத்தில், மேல் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்ளும் தையல் இது. இதில் இரண்டு வேண்டும். ஒன்று மெல்லிய துணிக்கு: நுண்ணிய பல், சிறு துளையுள்ள தகடு, 9 அல்லது 11 எண் ஊசி. மற்றொன்று தடித்த துணிக்கு: பெரிய பல், 14 அல்லது 16 எண் ஊசி. ஒரே யந்திரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றித் தைக்கலாமென்று சிக்கனம் பேசுவோர், மல் துணியில் தையலோரம் சுருங்கி நிற்பதைக் கண்டபின் மனம் மாறுவர். சுருக்கத்துக்குக் காரணம் தையல்காரியின் கையன்று. பெரும்பாலும் பல்லும் ஊசியும் நூலிழுவையுமே.

அடுத்தது நான்கு நூல் ஓவர்லாக். பின்னல் துணிக்கு இது இல்லாமல் முடியாது. முன்பல், பின்பல் என்று இரண்டு பற்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து, இழுபடும் துணியை அலையாமல் தள்ளுகின்றனவா என்று பார்த்து வாங்கவேண்டும். பனியன் ஓரம் மடிக்கும் ‘பேட்லாக்’ யந்திரம் மூன்றாவது. திருப்பூர் வேலையை நாடாதவர்கள் அதைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். காஜா யந்திரத்துக்கு அவசரமில்லை. பத்துச் சட்டைக்குக் காஜா எடுக்க வெளியே கொடுத்தால் போதும்.

இவ்வளவும் வாங்கி, இஸ்திரி மேஜையை மறந்துவிடுகிறவர்கள் அநேகர். நீராவி இஸ்திரியும், கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும் மேஜையும் இல்லாத கூடத்தில் எந்த ஜப்பான் யந்திரமும் பிரயோஜனமில்லை. தையலை மடித்துத் தைக்குமுன் அழுத்துவது பாதி வேலை. நம்மைக் கேட்டால், ஐந்தாவது யந்திரத்தின் விலையை இந்த மேஜைக்கே கொடுக்கச் சொல்வோம்.

கம்பெனிப் பெயர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒற்றை ஊசியில் ஜூக்கி, பிரதர் ஆகிய ஜப்பானியக் கம்பெனிகளும், ஓவர்லாக், பேட்லாக் வகைகளில் பெகாசஸ், யமாட்டோ என்பனவும் பெயர்பெற்றவை. சீனத்து ஜாக் மலிவு. சர்வோ மோட்டாரோடு சேர்ந்தே வருகிறது. நம் தேசத்து உஷா கம்பெனி 1930-களில் கல்கத்தாவில் தையல் யந்திரம் செய்யத் தொடங்கி வீடுதோறும் புகுந்தது. தொழிற்சாலை யந்திரத்திலோ நாம் இன்னும் அயலாரை நம்பியே இருக்கிறோம். இது நமக்கு வெட்கந்தான். அதற்காகப் போடிப் பெண்கள் மட்டமான யந்திரத்தில் தைத்துச் சுதேசியத்தை நிலைநாட்ட வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். அந்தக் கடமை ஆலை முதலாளிகளுக்கும் சர்க்காருக்கும் உரியது.

பணம் குறைவாயின், புதிய மட்ட யந்திரத்தைவிட நன்கு வைத்திருந்த பழைய ஜப்பானிய யந்திரம் மேல். ஆனால் கண்ணால் பார்த்து வாங்கலாகாது. உங்கள் துணியையும் நூலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளைத் துணியில் பத்து நிமிஷம் தைத்து எண்ணெய்க் கறை படிகிறதா என்று பாருங்கள். ஒரு சொட்டு எண்ணெய் இரண்டு நாள் உழைப்பைக் கெடுக்கும். முன்னும் பின்னுமாகத் தைத்தால் தையலின் நீளம் ஒத்திருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் மாறினால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

என்ன தைப்பது? வெளிநாட்டுக் கடைக்காரரைத் தேடிப் போகுமுன், மலையையே முதல் வாடிக்கையாக்கலாம். ஏலத் தோட்டத்துப் பெண், புடைவைமேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டே வேலை செய்கிறாள். தோள் பொருந்தாது, கை நீளம், தெளிக்கும் மருந்தும் மழையும் அதில் ஊறுகின்றன. அவள் உடலுக்கென்று அளவெடுத்த தோட்டச் சட்டை ஒன்றை இதுவரை யார் வரைந்தார்? கெட்டியான பருத்தித் துணியில், மடித்துத் தைத்த இரட்டைத் தையலோடு, முழங்கையில் மடிப்பு வைத்து, மணிக்கட்டில் இறுக்கி, பை வாயில் கட்டுத் தையல் போட்டு அதைச் செய்யலாம். இரட்டைத் தையலுக்கென்று ஆலைகளில் தனி யந்திரம் உண்டு. மாதிரிக்கு அது வேண்டாம், தடித்த துணிக்கு வாங்கிய ஒற்றை ஊசியிலேயே இருமுறை மடித்துத் தைக்கலாம். நான்கு அளவில் நான்கு சட்டை தைத்து, நாலு பெண்களிடம் கொடுத்து, ஒரு மாதம் மலையில் உடுத்தி வரச் சொன்னால், எங்கே கிழிகிறது, எங்கே இறுக்குகிறது என்று அவர்களே சொல்லிவிடுவர். திருத்திய ஐந்தாவது சட்டையைத் தோட்ட முதலாளிகள் முன் வைக்கலாம். தொழிலாளிக்குக் காப்புடை கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அவர்களே.

திருப்பூருக்கு மாதிரி அனுப்பும் காலம் அதன்பின் வரும். 1928-இல் போடிக்கு வந்த ரயில், அகலப் பாதையாக்கும் வேலைக்காக 2010 முடிவில் நின்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2023 ஜூனில் திரும்பியிருக்கிறது. சென்னைக்கு நேர் வண்டியும் ஓடுகிறது. பார்சலுக்கு வழி இல்லையென்று இனிச் சொல்ல இடமில்லை.

தேனி ஜில்லாத் தொழில் மையத்தாரும் பாங்குகளும் கடன் கொடுக்குமுன் யந்திரங்களின் ஜாபிதாவைக் கேட்பார்கள். அதில் இஸ்திரி மேஜை, பேட்டர்ன் அட்டை வெட்டும் நீண்ட மேஜை, ஊசி, பாபின், பல், தகடு ஆகிய உதிரிகள், மின்சார ஏற்ற இறக்கத்துக்கு ஒரு ஸ்டெபிலைசர் எல்லாம் இடம்பெற வேண்டும். இன்னொரு செலவையும் சேர்க்கவேண்டும்: கூடத்துப் பெண்களில் ஒருத்தியை மூன்று மாதம் திருப்பூருக்கு அனுப்பி யந்திரம் பழுது பார்க்கக் கற்பிக்கும் செலவு. மெக்கானிக் வரும்வரை கொக்கி தேய்ந்த யந்திரத்தின் முன் கைகட்டி உட்கார்ந்திருந்தால் கப்பல் காத்திராது.