மடிப்புக்கு எதுக்குய்யா பூட்டு?

டிஸ்கி: கொஞ்சம் காரமான பதிவு. காகிதம் மடிக்கிறவங்கள்ல சில பேருக்குக் கோபம் வரலாம். வந்தா வரட்டும்.

ஒரிகாமி பக்கம் எட்டிப் பார்க்காத மக்களுக்காக ரெண்டு வரி முன்கதை. வெட்டாம, ஒட்டாம, ஒரே ஒரு சதுரத் தாளை மடிச்சே கொக்கு, வண்டு, டிராகன்னு செய்யற ஜப்பானியக் கலை. நாம மழைத் தண்ணில விட்ட கத்திக்கப்பலுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்குங்க. இதையே பொழுதுபோக்கா வெச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணு முழிக்கிற கூட்டம் ஒண்ணு உலகம் முழுக்க இருக்கு. அடியேனும் அதுல ஒரு மூலைல உக்காந்திருக்கேன்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. புதுசா வந்தவன் ஒரு சந்தேகம் கேட்டா மூணுல ஒரு பதில்தான் வரும்.

ஒண்ணு: "புத்தகம் வாங்கிப் படி."
ரெண்டு: "நான் ஆறு மாசம் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டது. நீயும் படு."
மூணு: "அதான் சி.பி. இருக்கே, அதைப் பார்த்து மடிச்சுக்கோ."

மூணுமே தப்பு. ஏன்னு சொல்றேன்.

மூணாவதுல இருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் பார்க்க ரொம்ப கௌரவமா இருக்கு. சி.பி.ன்னா கிரீஸ் பேட்டர்ன். மடிச்சு முடிச்ச உருவத்தைப் பிரிச்சுத் தாளை விரிச்சா கோடுகள் தெரியுமில்லையா? அதுல முக்கியமான கோடுகளை மட்டும் வரைஞ்சு கொடுக்கிற படம். எங்கெங்க கோடு விழணும்னு அது சொல்லும். எதை முதல்ல மடிக்கணும், எதை எப்ப உள்ள தள்ளணும்னு சொல்லவே சொல்லாது. பத்து வருஷம் மடிச்சவனுக்கு அது தங்கச் சுரங்கம். நேத்து வந்தவனுக்கு? பஸ் ஸ்டாண்டுல வழி கேட்டவன் கையில சர்வே ஆபீஸ் புலப்படத்தைத் திணிக்கிற கதைதான். எல்லாத் தகவலும் அதுல இருக்கு, அதை வெச்சுக்கிட்டு வீடு போய்ச் சேர முடியாது.

அடுத்து, "நான் பட்ட கஷ்டம் நீயும் படு". இது மாமியார் நியாயம். இதுக்கு மேல இதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்லை.

"புத்தகம் வாங்கு"ங்கிறதுல ஒரு பாதி நியாயம் இருக்கு, அதுக்குக் கீழே வரேன். ஆனா புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் பல பேர் கேக்கறான்! ஒரு ஞாயித்துக்கிழமை மடிப்புக் கூட்டத்துல ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன் 'குளோஸ்டு சிங்க்' வரலைன்னு கேட்டான். கூம்பா நிக்கிற முனையை உள்பக்கமா அமுக்கி அனுப்பற மடிப்பு அது. 'ஓபன் சிங்க்'னா தாளைக் கொஞ்சம் விரிச்சு, கோடுகளைத் திருப்பிப் போட்டு உள்ள தள்ளிடலாம். குளோஸ்டுல விரிக்க வழியில்லை, அடுக்குகள் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கும், மூடின வாக்குல உள்ள போகணும். புத்தகத்துல அதுக்கு ஒரு அம்புக்குறிதான் போட்டிருக்கும். அம்புக்குறியைப் பார்த்து அது வராது, யாராவது கையில செஞ்சு காட்டணும். ஒரு பெரியவர் மாடல் பேரைக் கேட்டார். "அதெல்லாம் உனக்கு இப்ப எதுக்கு?"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டார். அடுத்த மாசம் பையன் வரலை. அதுக்கடுத்த மாசமும் வரலை.

ரெண்டு நிமிஷ வேலைங்க. அதுக்கு ஒரு ஆள் போச்சு.

இப்ப ஒரு சின்ன சோதனை. கையில ஒரு சதுரத் தாள் எடுத்துக்குங்க. ஸ்கேல் வேண்டாம். மேல் விளிம்போட நடுவுல லேசா ஒரு அடையாளம். இப்ப கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுப்புள்ளி மேல வெச்சு மடிங்க. தாளோட கீழ் விளிம்பு சாய்ஞ்சு வந்து இடது விளிம்பை ஒரு இடத்துல வெட்டும். அந்த இடம் மேல இருந்து அளந்தா சரியா மூணுல ரெண்டு பங்கு. அதாவது, கண்ணால குத்துமதிப்பா இல்லாம, கணக்குப்படி துல்லியமா மூணாப் பிரிச்சாச்சு. மேலே வலது பக்கத்துல ஒரு முக்கோணம் வந்திருக்கும், பாருங்க. அதோட பக்கங்கள் 3:4:5. இதைக் கண்டுபிடிச்சவர் கசுவோ ஹாகா. ஜப்பான்ல த்சுகுபா பல்கலைக்கழகத்துல இருந்தவர். கணக்கு வாத்தியார்கூட இல்லை, உயிரியல் பேராசிரியர்.

இதை உங்களுக்குச் சொன்னதால ஹாகாவுக்கு என்ன நஷ்டம்? எனக்கு என்ன குறைஞ்சுது? கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வின்னு பள்ளிக்கூடச் சுவத்துல எழுதி வெச்சா மட்டும் போதாதுங்க.

இன்னைக்கு ஒரிகாமின்னு ஒண்ணு உலகம் பூரா இருக்குதுன்னா அதுக்கு மூல காரணம் அகிரா யோஷிசாவா. 1911-ல பிறந்து 2005-ல, சரியா தன்னோட 94-வது பிறந்தநாள் அன்னிக்கு மறைஞ்சவர். அவர் உருவாக்கின மாடல்கள் 50,000-க்கும் மேலன்னு ஒரு கணக்கு சொல்றாங்க. அதுல படிப்படியா வரைஞ்சு புத்தகமா வந்தது சில நூறுதான். மிச்சத்தை எப்படி மடிச்சார்? பெரும்பாலும் அவரோடயே போச்சு. நம்ம ஊர்ல மகனுக்குக்கூடச் சொல்லாம மருந்தைத் தன்னோட கொண்டுபோன வைத்தியர் கதைதான்.

ஆனா 1954-ல வந்த புத்தகத்துல அவர் இன்னொண்ணு செஞ்சார். மடிப்பு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு சொல்ல விதவிதமா உடைஞ்ச கோடுகள், நகர்வைக் காட்ட அம்புகள்னு ஒரு குறியீட்டு முறை. அதை அமெரிக்காவுல சாமுவேல் ராண்ட்லெட்டும் இங்கிலாந்துல ராபர்ட் ஹார்பினும் 1960-கள்ல எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் சேர்த்தாங்க. இன்னைக்கு ஜப்பானிய மொழியில ஒரு எழுத்து தெரியாத நான் ஜப்பானியப் புத்தகத்தை வெச்சு மடிக்கிறேன்னா அந்தக் கோடுகளும் அம்புகளும்தான் காரணம். ஒளிச்சு வெச்சது பெட்டியோட போச்சு. பொதுவுல வெச்சது உலக மொழி ஆச்சு. இதுக்கு மேல ஆதாரம் வேணுமா?

அந்த ஹார்பினையே எடுத்துக்குங்க. மனுஷன் தொழில்ல மேஜிக் நிபுணர். பெட்டிக்குள்ள நிக்கிற பொண்ணை மூணாப் பிரிச்சு நடுத் துண்டை நகர்த்திக் காட்டுவாங்களே, அந்த ஜிக்-ஜாக் வித்தை அவரோடது. ரகசியம் வெளிய போனா சோறு போச்சுங்கிற தொழில். அவரே காகித மடிப்புன்னு வந்ததும் 1956-ல 'பேப்பர் மேஜிக்'னு படம் போட்டுப் புத்தகம் எழுதினார். 1967-ல ஆரம்பிச்ச பிரிட்டிஷ் ஒரிகாமி சொசைட்டிக்கு முதல் தலைவரும் அவர்தான். எதை மூடணும், எதைத் திறக்கணும்னு அந்த மந்திரவாதிக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம ஆளுங்களுக்குத் தெரியலை.

நம்ம ஊர் சாட்சியும் ஒண்ணு இருக்கு. 1893-ல சென்னையில ஒரு இங்கிலீஷ் புத்தகம் அச்சாச்சு. காகித மடிப்பிலேயே ஜியோமெட்ரி சொல்லித்தர்ற புத்தகம், எழுதினவர் டி. சுந்தர ராவ். கிண்டர்கார்டன் குழந்தைகளுக்குக் கொடுக்கிற கலர்த் தாள் பொட்டலத்துல இருந்துதான் யோசனையே வந்துச்சுன்னு முன்னுரையில சொல்றார். எங்கேயோ ஜெர்மனியில ஃப்ரூபல் குழந்தைகளுக்காக யோசிச்சது சென்னைக்கு வந்து கணக்குப் புத்தகம் ஆச்சு. அதை ஜெர்மன் கணித மேதை ஃபீலிக்ஸ் கிளைன் தன் நூல்ல குறிப்பிட்டார். அதைப் பார்த்துட்டு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1901-ல சிகாகோவுல மறுபதிப்பு கொண்டுவந்தாங்க. எட்டு வருஷத்துல, கப்பல் தபால் காலத்துல, ஒரு யோசனை உலகத்தைச் சுத்தி வந்துச்சு. யாரும் "உனக்கு எதுக்கு?"ன்னு கேக்கலை.

யோசனை ஊர் சுத்தலைன்னா என்ன ஆகும்? அதுக்கும் கதை இருக்கு. ரெண்டு புள்ளிகளை ஒரே மடிப்புல ரெண்டு கோடுகள் மேல கொண்டுபோய் வெச்சா முப்படிச் சமன்பாட்டையே தீர்க்கலாம்னு இத்தாலியில மார்கெரிட்டா பெலோக் 1936-லயே காட்டிட்டாங்க. ஸ்கேலும் காம்பஸும் வெச்சுக்கிட்டுச் செய்ய முடியாத வேலை அது. ஆனா ஒரிகாமிக்காரங்க காதுக்கு அது பல பத்து வருஷம் போகவே இல்லை, 1980-கள்ல மறுபடி முதல்ல இருந்து யோசிச்சாங்க. மடிப்போட அடிப்படை விதிகள்லயும் இதே கூத்து. ஆறுன்னு ஒரு பட்டியல் பிரபலமாச்சு. 2001-ல கோஷிரோ ஹடோரி ஏழாவதைச் சொன்னார். அப்புறம் பார்த்தா, பிரான்ஸ்ல ழாக் ஜஸ்டின் 1980-கள்லயே ஏழையும் எழுதி வெச்சிருக்கார்! இவங்க யாரும் ஒளிச்சு வைக்கலை, அச்சுல போட்டவங்கதான். அப்படியும் போய்ச் சேரலை. அப்படின்னா வேணும்னே வாயை மூடிக்கிட்டு இருந்தா எவ்வளவு காணாமப் போகும்னு யோசிங்க.

சரி, இப்ப அந்தப் பாதி நியாயத்துக்கு வருவோம். இல்லாட்டி "இவன் ஓசிக்கு வக்காலத்து வாங்கறான்"னு கிளம்பிடுவாங்க.

"அண்ணே, அந்தப் புத்தகத்தை முழுசா ஸ்கேன் பண்ணி அனுப்புங்க"ன்னு கேக்கிற கோஷ்டியும் இருக்கு. அது கேள்வி கேக்கறது இல்லை, அடுத்தவன் பாக்கெட்டுல கை விடறது. கஷ்டமான மாடல் ஒண்ணுக்கு நூறு, நூத்தம்பது படி வரும். ஒவ்வொண்ணையும் கோடு கோடா வரையணும். அந்த உழைப்புக்கு வர்ற சொற்ப காசையும் தட்டிவிட்டுட்டு "கலை எல்லாருக்கும் பொது"ன்னு வசனம் பேசக் கூடாது. யாரோ வடிவமைச்சதை மடிச்சு, பேரே போடாம "நான் செஞ்சேன்"னு மாட்டறதும் அதே திருட்டுதான்.

ஆனா இதையும் அதையும் போட்டுக் குழப்பாதீங்க. வரைபடம் ஒருத்தரோட சொத்து. சிங்க் எப்படிப் பண்றதுங்கிறது யாரோட சொத்தும் இல்லை. பதிப்புரிமைச் சட்டமும் வரைஞ்ச படத்தைத்தான் காக்கும், வழிமுறையை இல்லை.

"தொழில்முறைக் கலைஞர்கள் பாதிக்கப்படுவாங்களே"ன்னு கவலைப்படறவங்களுக்கு ராபர்ட் லாங்கைக் காட்டறேன். இயற்பியல் விஞ்ஞானி. 2001-ல வேலையை விட்டுட்டு ஒரிகாமியையே தொழிலா எடுத்துக்கிட்டவர். யாராவது ரகசியம் காக்கணும்னா இவர்தான் காக்கணும். என்ன செஞ்சார்? ஆறு கால், ரெண்டு கொம்பு, நாலு இறக்கைன்னு வேணுங்கிற உறுப்புக்கெல்லாம் தாள்ல எப்படி இடம் ஒதுக்கறதுன்னு 2003-ல தலையணை மொத்தத்துக்குப் புத்தகமா எழுதிட்டார். அந்தக் கணக்கைப் போடற 'ட்ரீமேக்கர்' மென்பொருளை இலவசமாவே கொடுத்தார். அதே லாங் 2011-ல இன்னும் அஞ்சு ஒரிகாமிக் கலைஞர்களோட சேர்ந்து சாரா மோரிஸ்ங்கிற ஓவியர் மேல வழக்குப் போட்டார். இவங்களோட சி.பி.களை அனுமதி கேக்காம, பேர் போடாம கலர் அடிச்சு ஓவியமா வெச்சதுக்கு. 2013-ல சமரசம் ஆச்சு, மூல வடிவமைப்பாளர் பேரைப் போடறதுன்னு முடிவாச்சு.

பார்த்தீங்களா? வழியைத் தாராளமாக் கொடுத்தார், பேரை விட்டுக்கொடுக்கலை. நம்ம ஆளுங்க இதைத் தலைகீழாப் பண்றாங்க. வழியைக் கேட்டா முறைக்கிறாங்க, அடுத்தவன் மாடலைப் பேர் போடாம காட்சிக்கு வெச்சா கைதட்டறாங்க.

குறை மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாதில்லையா? என்னளவுல சில யோசனைகள்.

1. கேக்கிறவங்களுக்கு: "23-வது படி வரலை"ன்னு மொட்டையா கேக்காதீங்க. எந்த மாடல், எந்தத் தாள், என்ன அளவு, எது வரைக்கும் சரியா வந்துச்சு, கிழிஞ்சது எங்க? முன்பக்கம் மட்டுமில்லை, தாளோட பின்பக்கத்தையும் காட்டுங்க. பாதிச் சிக்கல் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

2. பதில் சொல்றவங்களுக்கு: தெரிஞ்சா சொல்லுங்க, நேரமில்லைன்னா நேரமில்லைன்னு சொல்லுங்க. "இதுகூடத் தெரியாதா" வேண்டாம். அந்த ஒரு படியை மட்டும் காட்டினா எந்தப் புத்தகமும் விற்பனை குறையாது. சிக்கல் தீர்ந்தவன்தான் அடுத்த புத்தகமும் வாங்குவான்.

3. சி.பி. கொடுக்கிறவங்களுக்கு: முழு வரைபடம் வேண்டாம்யா. எந்த இடத்துல முதல்ல மடிக்கணும், தாளை எத்தனையாப் பிரிக்கணும்னு நாலு வரி சேர்த்து எழுதுங்க. போதும்.

4. எல்லாருக்கும்: சொதப்பலையும் காட்டுங்க. முடிஞ்ச அழகு வண்டு பக்கத்துல, கால் கிழிஞ்ச மூணு வண்டும் இருக்கட்டும். ஏன் கிழிஞ்சுதுங்கிறதுலதான் பாடம் இருக்கு.

5. பேர் போடுங்க. வடிவமைச்சது யாரு, மடிச்சது யாரு. ரெண்டும் வேற.

பூனை புலிக்கு எல்லா வித்தையும் கத்துக்கொடுத்துட்டு மரம் ஏறறதை மட்டும் சொல்லித்தரலைன்னு ஒரு கதை உண்டு. பூனைக்கு உயிர்ப் பயம், நியாயம் இருக்கு. சந்தேகம் கேக்கிற பையன் உங்களை அடிச்சுத் திங்கவா போறான்? சொல்லிக் கொடுங்கய்யா.

பி.கு: மூணாப் பிரிக்கிற சோதனையை இன்னும் செஞ்சு பார்க்காதவங்க போய்ச் செய்யுங்க. வரலைன்னா கேளுங்க. அதுக்குத்தானே இவ்வளவு நேரம் கத்தினேன் :-)