வண்டை வளர்ப்பது யார்?

மாணவர்களே, செனாவாங் வட்டாரத் தோட்டப்புறங்களில் மறுநடவைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 25 வயதான செம்பனைகளைச் சாய்ப்பார்கள். முன்பு அவற்றை எரித்தார்கள். இன்று 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. காற்றுக்கு அது நல்லதே.

ஆனால், தடித்த தண்டுகள் அப்படியே கிடந்து மட்கினால், காண்டாமிருக வண்டு அங்கே முட்டையிடுகிறது. புழுக்கள் அதையே தின்று மாதக்கணக்கில் வளர்கின்றன. வளர்ந்த வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கிறது; விரியும் ஓலையில் கத்தரித்தது போன்ற முக்கோண வெட்டு தெரியும்.

உடனே பூச்சிமருந்து! அதை முதுகில் சுமந்து தெளிப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. மருந்தின் நெடி முதலில் அவர்கள் உடலில்தான் சேர்கிறது. தண்டுகளைச் சிறு துண்டுகளாக்கிப் பரப்பினால் விரைவில் மட்கும். வண்டு பெருக இடம் குறையும்.

வீட்டோரத்துத் தேங்காய் மட்டையில் தேங்கும் நீரும் கொசுவுக்கு இப்படித்தான். மருந்தைத் தேடுமுன் பூச்சியின் தொட்டிலைத் தேடுவோம்.